எஸ்டேட் கார்

புறநானூற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய பாட்டு. எருதுகளோ இளையவை; நுகத்தின் வழக்கம் அறியாதவை. வண்டியிலோ பண்டம் மிகுதி. பள்ளத்தில் இறங்குமோ, மேட்டில் ஏறுமோ, அங்கே என்ன நேருமோ, யார் அறிவார்? ஆதலால் உப்பு வாணிகராகிய உமணர் வண்டியின் அடிமரத்திலே மற்றோர் அச்சினையும் கட்டிக்கொண்டு புறப்படுவர். அதற்குச் சேமஅச்சு என்று பெயர். எழினியே, நீ அத்தகையவன் என்கிறார் ஔவையார்.

இதனை விளக்கிக்கொண்டே வாங்குகளின் இடையே நடந்தேன். கடைசி வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி கொப்பியின் ஓரத்தில் வண்டியொன்றை வரைந்துகொண்டிருந்தாள். சகடம் அன்று, மோட்டார் வண்டி. பாடத்திற்குப் பொருத்தமானதுதானே என்று நினைத்தாளோ என்னவோ, என்னைக் கண்டும் மறைக்கவில்லை. சாதாரணக் காரின் முன்புறம். கூரை மட்டும் கடைசிவரை நீண்டு சென்று, பின்னால் செங்குத்தாக இறங்கியது. பக்கத்தில், “அவுடி ஆர்.எஸ். 6, 630 பரிவலு” என்று எழுதியிருந்தாள்.

“என்ன பிள்ளை இது?”

“வேகன், ஐயா. குடும்பத்தோடு போகிற கார். ஆனால் ரேஸ் காரைவிட வேகம். இதற்குத் தமிழிலே என்ன பேர், ஐயா?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பண்டிதப் பட்டம் பெற்று முப்பது ஆண்டுக்குமேல் ஆகிறது. இப்படியொரு வினா வந்தால் சொல்லை ஆக்கிக் கையிலே கொடுத்துவிடுவது எங்கள் கூட்டத்தாரின் பழக்கம். அன்று என் வாய் அடைத்துப் போயிற்று. அந்த வண்டியின் ஆங்கிலப் பெயர் எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும், அதுதான் காரணம்.

அமெரிக்கர் அதனை ஸ்டேஷன் வேகன் என்பர். புகைவண்டி நிலையத்தில் இறங்கும் பயணிகளையும் அவர்தம் பெட்டி படுக்கைகளையும் விடுதிக்கு ஏற்றிச் செல்ல, மரத்தாற் கூடு கட்டிய வண்டிகள் அங்கே இருந்தன. முதலில் குதிரை இழுத்தது. பின்னர் இயந்திரம் இழுத்தது. 1929 இல் ஃபோர்டு நிறுவனம் தன் ‘ஏ’ மாதிரிக் காரின்மேல் அத்தகைய மரக்கூட்டினை அமைத்துத் தானே விற்கத் தொடங்கியது. மிச்சிகன் மாநிலத்திலே அந்நிறுவனத்துக்குச் சொந்தக் காடே இருந்தது, மரத்துக்குப் பஞ்சமில்லை.

ஆங்கிலேயர் அதனையே எஸ்டேட் கார் என்றனர். நாட்டுப்புறத்திலே பெருநிலம் உடைய பிரபு, வேட்டைக்கு வரும் விருந்தினரையும் துப்பாக்கி, நாய் முதலியவற்றையும் ஏற்றி வருவதற்கு வைத்திருந்த வண்டி ஆதலின் அப்பெயர். பிரெஞ்சுக்காரர் ‘பிரேக்’ என்றனர். ஜெர்மானியர் ‘கொம்பி’ என்றனர். இத்தாலியர் வைத்த பெயர்தான் எனக்கு மிகவும் உவப்பானது. ஃபியட் நிறுவனம் தன் சின்னஞ்சிறு காரின் கூரையை நீட்டி, அதற்கு ‘ஜார்தினியேரா’ என்று பெயரிட்டது. அச்சொல்லுக்கு நேர்ப்பொருள் தோட்டக்காரி.

அரநாயக்கப் பகுதியின் றப்பர்த் தோட்டமொன்றில், லயத்து அறையிலே பிறந்தவன் நான். என் தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளி. எஸ்டேட் கார் என்ற சொல்லை முதன்முதலிற் கேட்டபோது எனக்கு ஏழெட்டு வயது. எஸ்டேட் எங்கள் எஸ்டேட்தானே. ஆகவே எஸ்டேட் கார் என்பது எஸ்டேட்டைச் சேர்ந்த கார், அதாவது துரையின் கார், என்று இலக்கணம் பிழையாமற் பொருள் கொண்டேன். ஆறாம் வேற்றுமைத் தொகை! பங்களாவின் முன்னே நின்ற கார் பின்புறம் தட்டையான சாதாரணக் கார் என்பது கூட என் துணிபை அசைக்கவில்லை.

இந்த ஒரு சொல் கடலைக் கடந்தபோது என்ன ஆயிற்று பாருங்கள். இங்கிலாந்திலே எஸ்டேட் என்றால் பரம்பரைச் செல்வம், மாளிகை, மான்கூட்டம். விளம்பரத்தில் அச்சொல்லைப் போட்டாலே காருக்கு மதிப்பு ஏறும். எங்களுக்கோ அது பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. விடியுமுன் பெரட்டுக் களம். கடிதத்தின் மேல் எழுதக் கூசிய விலாசம். பிராசீனக் கல்லூரியொன்றிற் சேர்ந்த முதல் வாரத்தில், உடன் கற்ற ஒருவர், “நீர் தோட்டக்காட்டானோ?” என்று வினவினார். விடை தெரிந்துகொள்வதற்காகக் கேட்ட வினா அன்று அது. நன்னூலிற் பெயரியல் கற்ற பிறகு ஒருநாள் இரவு விளக்கடியில் அமர்ந்து அச்சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். இடத்தின் அடியாகப் பிறந்த பெயர். வெற்பன், நாடன், ஊரன், சேர்ப்பன் என்று சங்கத் தலைவர்களைப் புலவர்கள் விளிக்கிறார்களே, அந்த இனத்தைச் சேர்ந்தது. சொல்லிலே யாதொரு குற்றமும் இல்லை. ஆயினும் அந்த ஆறுதலைக் காண எனக்கு இரண்டு ஆண்டு பிடித்தது.

அந்த வண்டியை நான் முதன்முதல் அருகில் நின்று தொட்டுப் பார்த்தது 1978 இல். அவ்வாண்டு என் பெரியப்பா குடும்பம் இந்தியாவுக்குப் போயிற்று. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் மக்களை எண்ணிக்கையாற் பங்கிட்டது என்பதைப் பலரும் அறிவர். ஒரே லயத்தில், ஒரே சுவரின் இருபுறத்திலும் வாழ்ந்த அண்ணன் தம்பியருள் தம்பிக்கு இந்நாடு, அண்ணனுக்கு அந்நாடு என்று தாள்கள் வந்தன. எங்கள் வீட்டில் நடந்தது அதுவே.

சாமான்களையும் ஆட்களையும் லொறியில் ஏற்றி நிலையத்தில் விடுவதுதான் வழக்கம். பெரியப்பா அதற்கு உடன்படவில்லை. “நம்ம பூட்டன் மன்னார்லருந்து நடந்தே வந்தாரு. போறப்பவாவது நாம கார்ல போவோம்டா” என்று என் தந்தையாரிடம் சொன்னார். பெரியம்மாவின் தோட்டை விற்று மாவனெல்லையிலிருந்து வாடகைக் கார் பேசினார். வந்தது பேஜோ 504, நீளக்கூரை வண்டி. அதனை ஓட்டி வந்த நானா, பின்கதவை மேலே தூக்கியபோது எங்கள் லயத்துப் பிள்ளைகள் அனைவரும் வாய் பிளந்து நின்றோம். வீட்டுக் கதவைப்போல அன்றோ திறக்கிறது! உள்ளே மூன்று வரிசை இருக்கை. பெரியவரும் சிறியவருமாக ஒன்பது பேர் ஏறினர். இரண்டு தகரப் பெட்டி, ஒரு பாய்க்கட்டு, பித்தளைக் குடம், காமாட்சி விளக்கு, சாக்கிலே சுற்றிய அம்மிக் குழவி. அம்மியை விட்டுவிட்டுக் குழவியை மட்டும் பெரியம்மா ஏன் எடுத்துச் சென்றார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்த அம்மி எங்கள் வீட்டில் இருக்கிறது.

இத்தனையும் ஏற்றிய பின்னும் வண்டியின் பின்புறம் அதிகம் தாழவில்லை. அதன் காரணத்தைப் பிற்காலத்தில் அறிந்தேன். பேஜோ 504 இன் சாதாரணக் காருக்கு அச்சிடை நீளம் 2.74 மீற்றர், நீளக்கூரை வண்டிக்கோ 2.90 மீற்றர். பின்னச்சினைத் திண்ணிய ஒரே துண்டாக்கி, பக்கத்துக்கு இரண்டாக நான்கு சுருள்வில் வைத்தார்கள். 1971 இல் வெளிவந்த அந்த வண்டி ஆபிரிக்காவின் செம்மண் தெருக்களில் பெயர் பெற்றது. கிழக்காபிரிக்க சஃபாரி ஓட்டத்தில் அதன் முன்னோனாகிய 404 நான்கு முறை வென்றது. 504 காரும் 1975 இல் வென்றது. வென்றவை நீளக்கூரை வண்டிகள் அல்ல. எனினும் ஒரே குடும்பம்.

வண்டி ரம்புக்கனையை நோக்கிப் புறப்பட்டது. அங்கிருந்து பொல்காவலை, பொல்காவலையிலிருந்து வடக்கே தலைமன்னார். தலைமன்னாரிலிருந்து கப்பல். இந்தியா செல்வோரை ஏற்றிச் சென்ற அந்தப் புகைவண்டிக்கு எங்கள் மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வைத்தார்கள். கோச்சி என்பது ஆங்கிலக் ‘கோச்’ என்ற சொல்லின் திரிபு. அதன் மூலமோ ஹங்கேரி நாட்டில் ‘கொச்’ என்னும் சிற்றூர். அவ்வூர்த் தச்சர் செய்த வண்டி ஐரோப்பா முழுதும் பரவியதனால் ஊரின் பெயரே வண்டிக்கு ஆயிற்று. ஏதோ ஒரு சமவெளியின் சிற்றூர்ப் பெயர் எங்கள் மலைக்கு வந்து அழுகையோடு சேர்ந்துகொண்டது. சொற்களுக்குக் குடியுரிமைச் சட்டம் இல்லை.

நிலையத்துக்குச் செல்லும் வண்டி என்ற அதன் அமெரிக்கப் பெயரின் முழுப் பொருளையும் எட்டு வயதிலேயே பார்த்துவிட்டவன் நான். பெரியப்பாவை மீண்டும் பார்க்கவில்லை.

இதனாலேயே மாணவியின் வினாவுக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. “நாளை சொல்கிறேன்” என்று கூறி வீட்டுக்கு வந்தேன். என் மகளின் துணைகொண்டு அந்த வேகமான வண்டிகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். பண்டிதனுக்கு இது வேண்டாத வேலை என்று சிலர் கருதலாம். தேர்க்கும் சகடத்துக்கும் உறுப்பு உறுப்பாகப் பெயர் சொல்லி வைத்த மொழியின் ஆசிரியன், இயந்திர வண்டியின் உறுப்பறியாதிருப்பது எங்ஙனம் பெருமையாகும்?

குடும்ப வண்டியை வேகவண்டி ஆக்குவது எளிதன்று. காரின் பின்புறத்தில் குறுக்குச் சுவர் போட்டு, பெட்டிக்குத் தனிமூடி வைத்தால் உடற்கூடு திண்மையாக இருக்கும். நீளக்கூரை வண்டியிலோ அந்தச் சுவர் இல்லை. பின்னால் ஒரு பெரும் வாயில். மூடியில்லாத தீப்பெட்டியை முறுக்கினால் எப்படி வளையுமோ, விரைந்து திரும்பும்போது அவ்வாறே கூடு முறுக முயலும். கூரையும் கண்ணாடியும் மேலே கூடுவதனால் புவியீர்ப்பு மையம் சிறிது உயரும். நால்வர் ஏறினால் ஓர் எடை, எழுவரும் மூட்டையும் ஏறினால் மற்றோர் எடை. இரண்டுக்கும் ஒரே வில் பொருந்த வேண்டும். ஒரே தடுப்பு பொருந்த வேண்டும். இலங்கைப் பாடநூல்கள் வேகம் கூடுவதை ஆர்முடுகல் என்றும், குறைவதை அமர்முடுகல் என்றும் வழங்குகின்றன. தமிழ்நாட்டார் முடுக்கம் என்பர். சண்டை வேண்டா, இரண்டும் நல்ல தமிழே. நான் சொல்ல வந்தது, ஆர்முடுகலைப் பணத்தால் வாங்கிவிடலாம், நிறைந்த வண்டியின் அமர்முடுகலுக்குத்தான் அறிவு வேண்டும் என்பது.

1994 இல் அவுடி நிறுவனமும் போர்ஷே நிறுவனமும் கூடி, ‘ஆர்.எஸ். 2 அவான்ட்’ என்றொரு வண்டியைச் செய்தன. ஐந்து உருளை, 2.2 லீற்றர் இயந்திரம், புகைபோக்கியின் வேகத்தாலே சுழன்று இயந்திரத்துக்குள் காற்றை அடைக்கும் சுழலி, 315 பரிவலு, நான்கு சக்கரத்துக்கும் இழுவை. தடுப்பும் சக்கரமும் பக்கக் கண்ணாடியும் போர்ஷேயின் விளையாட்டுக் காருடையவை. மணிக்கு 262 கிலோமீற்றர் ஓடிற்று. நாயையும் குழந்தையையும் பின்னே வைத்துக்கொண்டு அந்த வேகத்திற் போக வேண்டிய அவசரம் எந்தக் குடும்பத்துக்கு வரும் என்று கேட்கத் தோன்றுகிறதன்றோ? எனக்கும் தோன்றியது. ஆயினும் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைய மட்டுமே செய்யப்பட்ட அவ்வண்டிகளை இன்று சேர்த்து வைப்போர் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

அதே 1994 இல் பிரிட்டிஷ் சுற்றுலாக் கார்ப் பந்தயத்தில், ஸ்வீடன் நாட்டு வொல்வோ நிறுவனம் 850 என்ற நீளக்கூரை வண்டிகள் இரண்டினை இறக்கியது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டு விடுகிற வண்டி பந்தயத்துக்கு வந்ததைக் கண்டு பார்வையாளர் சிரித்தனர். வொல்வோக்காரரும் சளைத்தவரல்லர், அணிவகுப்பில் ஒருமுறை வண்டியின் பின்புறத்தில் பொம்மை நாயொன்றை இருத்திக்கொண்டு ஓட்டினர். அவ்வண்டிகள் முதலிடம் பெறவில்லை. மறு ஆண்டில் அந்நிறுவனம் சாதாரணக் காருக்கே திரும்பிற்று. ஆனாலும் அப்போது வென்றவர் பெயரை மறந்தோர் கூட, அந்த வண்டிகளை இன்றும் நினைக்கிறார்கள்.

யப்பானியரும் விடவில்லை. நிசான் நிறுவனத்தின் ஸ்டேஜியா என்ற குடும்ப வண்டியில், 1997 இல், ஸ்கைலைன் விளையாட்டுக் காரின் 2.6 லீற்றர் இரட்டைச் சுழலி இயந்திரத்தை வைத்தனர். மிட்சுபிஷி 2005 இல் லான்சர் எவொலூஷனுக்குக் கூரை நீட்டியது. ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் எம்5 நீளக்கூரை வண்டி 2024 இல் மின்னியக்கியும் சேர்ந்து 727 பரிவலுவோடு வந்தது. எடையோ ஏறத்தாழ இரண்டரைத் தொன். வலுவைக் கூட்டக் கூட்ட எடையும் கூடுகிறது. எடை கூடக் கூட மேலும் வலு வேண்டியிருக்கிறது. இந்த ஓட்டத்துக்கு முடிவில்லை.

இவற்றையெல்லாம் படித்துக்கொண்டிருக்கையில் என் மனம் மட்டும் வேறு வண்டியை நினைத்துக்கொண்டிருந்தது. அது டொயோட்டா கொரோலா டீ.எக்ஸ். வேகன். எண்பதுகளில் இந்நாட்டுக்கு வந்து, கடைக்காரர், கொந்தராத்துக்காரர், கல்யாண வீட்டார் என எல்லோருக்கும் உழைத்த வண்டி. 1.3 லீற்றர் இயந்திரம். சீறாது, பாயாது. பின்னச்சின்மேல் சுருள்வில் இல்லை. எஃகுத் தகடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய தட்டைவில். மாட்டு வண்டி வில்லுக்கு உறவு என்று சொல்லலாம்.

1996 ஒக்டோபர் மாதத்து இரவு ஒன்றில் என் மனைவிக்கு இடுப்புவலி கண்டது. நாள் கணக்குப்படி மூன்று வாரம் முந்தி. எங்கள் பகுதியில் மழை பெய்தால் எப்படிப் பெய்யும் என்று அறிந்தவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்து லொறிக்கு ஆள் அனுப்பினோம். சாரதி இல்லை, சாவி பங்களாவில் இருக்கிறது, பெரியவர் உறங்குகிறார், காலையில் வரும்படி என்று விடை வந்தது. எந்தத் தோட்டம், எந்தப் பெரியவர் என்பவை இப்போது எதற்கு? அந்த விடையைக் கொண்டு வந்த பொடியன் மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றது மட்டும் கண்ணில் நிற்கிறது.

மாமியார், “சந்திக் கடை முதலாளிகிட்ட போங்க தம்பி” என்றார். முதலாளி சிங்களவர். அவரிடம் எனக்குக் கடன் கொப்பி இருந்தது. அந்த மாதம் கட்டவும் இல்லை. கதவைத் தட்டினேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டே வெளியே வந்தவர், நான் சொல்லி முடிக்குமுன் டீ.எக்ஸ். வேகனின் பின் இருக்கையை மடித்துவிட்டார். தம் மெத்தையை இழுத்து வந்து விரித்தார். பின்னர் அவர் செய்த காரியந்தான் எனக்கு அப்போது பைத்தியமாகத் தோன்றியது. கடைக்குள் சென்று இரண்டு அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து, மெத்தையின் இருபக்கத்திலும், சரியாகப் பின்னச்சுக்கு மேலே வைத்தார்.

“முதலாளி, நேரமாகிறதே!” என்று கத்தியேவிட்டேன்.

“வெறும் வண்டி துள்ளும், மாஸ்டர். சுமை இருந்தால்தான் மெதுவாகப் போகும்” என்றார், தமக்குத் தெரிந்த தமிழில். “பய வெண்ட எப்பா.” பயப்படாதீர்கள்.

பாரத்துக்கென்று அமைத்த தட்டைவில் பாரமில்லாதபோது விறைத்து நிற்கும். ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் அடிக்கும். பாரம் ஏறினால் தகடுகள் விரிந்து வளைந்து கொடுக்கும். அன்றியும் அது பின்சக்கரத்தால் ஓடும் வண்டி. ஈரமான ஏற்றத்தில் பின்புறம் இலேசாக இருந்தால் சக்கரம் வெறுமனே சுழலும். இரண்டு மூட்டை அரிசி இரண்டு குறைகளையும் தீர்த்தன. எந்தப் பொறியியற் கல்லூரியிலும் அவர் படித்ததில்லை.

சிட்ரோயன் நிறுவனம் 1958 இல் தன் நீளக்கூரை வண்டியில், எண்ணெயும் அழுத்திய வாயுவும் கொண்ட தாங்கியை அமைத்தது. ஒருவர் ஏறினாலும் எண்மர் ஏறினாலும் வண்டி ஒரே மட்டத்தில் நிற்கும். 1978 இல் உற்பத்திக்கு வந்த மெர்சிடிஸ் நிறுவனத்தின் முதற் குடும்ப நீளக்கூரை வண்டிக்குப் பின்னச்சில் தானே மட்டஞ்செய்யும் தாங்கி அமைந்திருந்தது. படிக்கும்போதெல்லாம் எனக்கு முதலாளியின் அரிசி மூட்டைகளே நினைவுக்கு வந்தன. அவர் அறிந்தது அதுவே; எண்ணெய்க்கும் வாயுவுக்கும் பதிலாக நாட்டரிசி.

மாவனெல்லைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. இறக்கங்களில் அவர் பிரேக்கை அதிகம் தொடவில்லை. இரண்டாம் கியரில் விட்டு, இயந்திரமே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி செய்தார். மண் சரிந்து பாதி மூடிக் கிடந்த ஓரிடத்தில் இறங்கி, மழையில் நடந்து சென்று காலால் மிதித்துப் பார்த்துவிட்டு வந்தார். பின்னால் மாமியார் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மாரியம்மன் தாலாட்டை முணுமுணுத்தார். நான் முன்னிருக்கையில் அமர்ந்து ஒன்றும் செய்ய வகையற்றிருந்தேன். கற்ற ஐந்திலக்கணமும் அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு குடைக்குக்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரிப் படியேறிய அரை மணிக்குள் பெண் குழந்தை பிறந்தது. கொடி கழுத்தில் சுற்றியிருந்தது, காலை வரை வைத்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னார்.

முதலாளி வாடகை வாங்கவில்லை. அரிசி மூட்டையுள் ஒன்று நனைந்திருந்தது. அதனை என் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதவில்லை என்பதை மாத முடிவிற் கண்டேன்.

அவர் இப்போது இல்லை. 2016 மே 17 ஆம் நாள் மாலை, இடைவிடாத மழைக்குப் பின் சாமசர மலை சரிந்து எலங்கபிட்டிய, பல்லேபாகே, சிரிபுர ஆகிய ஊர்ப்பகுதிகளை மூடியபோது நூற்றுக்கு மேற்பட்டோர் மண்ணுள் மறைந்தனர். அந்த வாரம் முழுவதும் முதலாளியின் மகன் அதே டீ.எக்ஸ். வேகனில் சோற்றுப் பொதிகளும் பாய்களும் ஏற்றி, மக்கள் தங்கியிருந்த பாடசாலைகளுக்கு ஓடினான். நான் அவனுக்குப் பக்கத்தில் அமர்ந்து பொதிகளை எண்ணினேன். வெறும் வண்டியாய்த் திரும்பும்போது துள்ளிற்று.

இன்று நோயாளருக்கு 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் கட்டணமின்றி வரும் சுவசெரிய அம்புலன்ஸ் உண்டு. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின் நாடெங்கும் விரிந்தது. ஆயினும் டீ.எக்ஸ். வேகனின் மதிப்புக் குறையவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாற்பது வயது வண்டிகள் மணப்பெண்போல விலை பேசப்பட்டன. 630 பரிவலு வண்டி எங்கள் தெருவுக்கு வருமா என்பது வேறு கதை. வந்தாலும் ஊசிமுனை வளைவுகளில் அதன் முதலிரண்டு கியருக்கு மேல் வேலையிராது.

மறுநாள் வகுப்பில் பெரும்பாணாற்றுப்படையை எடுத்தேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் உமணருடைய உப்பு வண்டியை அதிலே வருணிக்கிறார். மேலே வேய்ந்த கூரை; அதில் கோழி அடையும் கூடு; கயிற்றாற் பிணித்துத் தொங்கவிட்ட காடிப் பானை; முழுமரத்திற் செய்த உருளை. வணிகனின் மனைவி கைக்குழந்தையோடு எருதுகளைப் பின்னிருந்து ஓட்டுகிறாள். வீடும் கடையும் குடும்பமும் ஒன்றாகி உருண்டு போகின்றன. ஊறுகாயைக்கூட மறக்கவில்லை!

“அப்ப வேகன் நம்மகிட்டத்தான் முதல்ல இருந்ததா, ஐயா?” என்றான் ஒருவன்.

“அப்படிச் சொல்லிவிடாதே. வண்டியும் குடும்பமும் உள்ள நாடெல்லாம் இருந்திருக்கும்” என்றேன். இவ்வகைப் பெருமை பேசுவதில் எனக்கு விருப்பமில்லை.

பின்பு, சொன்னபடியே, பெயர்களைக் கரும்பலகையில் எழுதினேன். சகடம், பண்டி, சாகாடு, பாண்டில். அவற்றுக்குக் கீழே ஸ்டேஷன் வேகன், எஸ்டேட் கார், கொம்பி, பிரேக். ஒவ்வொன்றுக்கும் பொருள் சொன்னேன். பெரியப்பாவின் பயணத்தைச் சொன்னேன். அரிசி மூட்டையைச் சொன்னேன். எஸ்டேட் என்று எழுதியபோது வகுப்பில் இரண்டு மூன்று தலைகள் தாழ்ந்ததைக் கண்டேன். அந்தத் தலைதாழ்வு எனக்குத் தெரிந்ததே. ஆகவே இத்தாலியர் வைத்த பெயரைக் கடைசியில் எழுதி, அதன் பொருளையும் சொன்னேன். தமிழ்ப் பெயரை நான் ஆக்கித் தரவில்லை. நீங்களே ஆக்கி வாருங்கள் என்றேன்.

திங்கட்கிழமை கொப்பிகள் வந்தன. ‘நெடுங்கூரை மகிழுந்து’ என்று ஒருவன் எழுதியிருந்தான்; பரவாயில்லை. ‘குடும்பச் சகடம்’ என்று நால்வர் எழுதியிருந்தனர். ஒருவரைப் பார்த்து மூவர் எழுதினர் போலும். கடைசி வாங்கு மாணவி சேமஅச்சுக்கு எழுதிய விளக்கம் அரைகுறை. ஓரத்திலிருந்த படத்துக்கு மட்டும் வர்ணம் தீட்டி, கூரையின்மேல் ஒரு தகரப் பெட்டியையும் பாய்க்கட்டையும் சேர்த்திருந்தாள். ஆர்.எஸ். 6 என்றிருந்ததை அழித்துவிட்டுக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: “தோட்டக்காரி. 630 பரிவலு.”

ஒற்றுப்பிழை இல்லை. விளக்கத்தை மறுபடி எழுதி வரும்படி குறிப்பிட்டு, கையொப்பமிட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன்.